ஏறுதா, இறங்குதா?

வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையில் நாற்பது தவளைகள் சேற்றில் ஒண்டிக் கிடந்தன. அவற்றின் தலைவன் கொட்டுவாயன். குட்டையை ஒட்டியிருந்த பெரும் பாறைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி இருந்தது. ஆனால் கொதிக்கிற பாறையைத் தாண்டுவதற்குள் பாதிப்பேர் கருகிப்போகலாம். போனாலும் ஆபத்து, இருந்தாலும் ஆபத்து. பாவம், கொட்டுவாயனுக்கு மூன்று நாளாகத் தூக்கமே இல்லை!

அன்று காலை கரையில் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சாரைசாரையாகப் போயின. பார்த்ததும் அவன் துள்ளிக் குதித்தான்.

"அடிச்சது யோகம்! எறும்பு முட்டையைத் தூக்குது, மழை வரப்போகுது! யாரும் எங்கேயும் போக வேண்டாம். பாட்டை ஆரம்பிங்க!"

வருஷாவருஷம் அதுதான் வழக்கம். எறும்பு கிளம்பும், தவளைகள் பாடும், மழையும் வரும். நாற்பது தொண்டையும் ஒன்றாகத் திறந்தன. காது கிழிந்தது போங்கள்!

வளைக்குள்ளிருந்து செங்காலி என்ற நண்டு எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. எறும்பு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தீங்களா?"

"எந்தப் பக்கம் போனா என்ன? பக்கவாட்டில் நடக்கிறவ எனக்குத் திசை சொல்றியா!" என்று கொட்டுவாயன் சிரித்தான்.

செங்காலி கோபப்படவில்லை. "மழைக்குப் பயந்தா எறும்பு மேட்டுக்கு ஏறும். இது பள்ளத்துக்கு இறங்குது. மேலே மண் காய்ஞ்சுபோச்சு, முட்டைக்கு ஈரம் தேடி நம்ம சேத்துக்கே வருது. காத்தையும் பாருங்க, அனலா அடிக்குது!"

கொட்டுவாயன் கரைக்குத் தாவி உற்றுப் பார்த்தான். எல்லா எறும்பும் கீழேதான் இறங்கின. அடடா, இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இப்படிப் பார்த்தோமா!

"தங்கச்சி, நீதான் கண்ணுள்ளவ! என் வாய்க்கொழுப்பை மன்னிச்சிடு. இப்ப என்ன செய்யலாம்?"

"இன்னும் சேறு இருக்கு. உடம்பெல்லாம் அப்பிக்கிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்புங்க."

அப்படியே கிளம்பின. செங்காலியைக் கொட்டுவாயன் தன் முதுகிலேயே ஏற்றிக்கொண்டான். நாற்பது தவளைகளும் ஏரியில் குதித்தன, ஒன்றுகூடக் குறையவில்லை! நாலாம் நாள் குட்டை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

ஐப்பசியில் ஏரிக்கரை எறும்புகள் முட்டையோடு கிளம்பின. "மழை! மழை!" என்று ஒரு தவளை கத்தியது.

"பொறு! ஏறுதா, இறங்குதா?" என்றான் கொட்டுவாயன்.

ஏறின. அப்புறம் தவளைகள் பாடின பாருங்கள், ஒரு பாட்டு!

நீதி: ஒரே செய்கைக்கு எப்போதும் ஒரே பொருள் கிடையாது; எங்கே, எப்போது, எதற்காக என்று பார்த்தவரே அதைச் சரியாகப் புரிந்துகொள்வார்.