ஒத்திகையில் விழுந்த மூன்று முடிச்சு

"ஒத்திகைன்னா வாய் வேறயா? சொன்னது சொன்னதுதானே. மூணு முடிச்சும் விழுந்தாச்சு. இனி தொபியாஸ் வந்தா என்ன, வராட்டி என்ன?"

கோணாவிளை மாதா கோயிலின் பக்கத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்த பிரகாசியின் காதில் இது தற்செயலாகத்தான் விழுந்தது. ஜன்னலுக்கு உள்ளே பீடத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த அவளுடைய தெக்லா அத்தையின் குரல் அது. பிரகாசி குழாயை மூடிவிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கோயில் வாசல் கதவின் இரும்புச் சாவி, குழம்புக் கரண்டி கனத்தில், தொண்டைக்குழியில் தொங்கியது.

மறுநாள் காலையில் அவளுக்கும் தொபியாசுக்கும் கலியாணம். மூன்று ஞாயிறு பூசையில் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. கலியாண ஜாக்கெட்டை அவளே தைத்து, கொக்கியும் வைத்து முடித்துவிட்டாள். மங்களூரில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் தொபியாஸ் இரவு ரயிலேறிக் காலையில் வந்து இறங்குவான். இந்த நேரத்தில் கழுத்தில் இன்னொருவர் கட்டிய கயிறு.

நடந்தது இதுதான்.

கோணாவிளைக்காரர்கள் சாமியார் சொல்லைத் தட்டாதவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்செய்தி வாசகத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றபோது, சாகக்கிடந்த ஒருவருக்கு அவஸ்தைப்பூசுதல் என்ற கடைசி எண்ணெய் பூச ஜெரோம் சாமி அவசரமாகப் புறப்பட்டுப் போகவேண்டியதாயிற்று. போகிற அவசரத்தில் உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். சாயந்தரம் அவர் திரும்பி வந்தபோது ஊரே நின்றுகொண்டிருந்தது. கைப்பிள்ளைக்காரிகள்கூடப் பிள்ளைகளை நிற்கவைத்தே பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாகக்கிடந்தவர் பிழைத்து எழுந்து வந்து, தானும் ஒரு ஓரமாக நின்றார்.

அப்பேர்ப்பட்ட ஊரில், பக்கத்துப் பங்கில் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போகிற வழியில் ஜெரோம் சாமி உபதேசியார் இன்னாசியிடம் சொல்லிவிட்டுப் போனார்: "நாளைக்கு யாரும் தடுமாறக் கூடாது. இன்னைக்கே ஒத்திகை பாத்திரும். என் இடத்துல நீரு நில்லும். மாப்பிள்ளை இடத்துல யாரையாவது நிக்க வையும். நிஜமா நடக்கிற மாதிரியே நடக்கணும். ஒரு வார்த்தை விடக்கூடாது."

மாப்பிள்ளை இடத்தில் கோயில்பிள்ளை வியாகுலம் நின்றார். கோயிலைப் பெருக்கி, மணியடித்து, மெழுகுதிரி ஏற்றி, மணிக்கூண்டுக்குக் கீழே ஒற்றை அறையில் குடியிருக்கும் கட்டை பிரம்மச்சாரி. ஐம்பது வயதுக்கு மேல். ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் நடந்தது. தாலி மட்டும் மாப்பிள்ளை வீட்டில் இருந்தது. நிஜமாக நடக்கிற மாதிரி என்றால் கழுத்தில் ஏதாவது ஏறவேண்டுமே. வியாகுலம் தன் கழுத்திலிருந்த சாவிக்கயிற்றை அவிழ்த்து, பிரகாசி கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டார். ஊர் பூத் தூவியது. பாடகர் குழு பாடியது. எல்லாரும் திருப்தியாகக் கால் கழுவப் போனார்கள்.

இப்போது பிரகாசி ஈரக் காலோடு கோயிலுக்குள் ஓடினாள்.

"அத்தை, நீங்க சொன்னது நிஜமா?"

"நான் சொல்லல மக்கா. நீதான் சொன்ன. ஊரே கேட்டுச்சு."

உபதேசியாரைக் கூப்பிட்டார்கள். அவர் பீடத்துக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஒரு கலியாணம் செல்லணும்னா சாமி வேணும், சாட்சி வேணும், சம்மதம் வேணும்."

"சாமிதான் இல்லையே!" என்றாள் பிரகாசி. உயிர் வந்த மாதிரி இருந்தது.

"என் இடத்துல நில்லும்னு சாமிதானே பிள்ள சொன்னாரு. நின்னேன். சாமி நின்ன கணக்குத்தான்."

"அப்ப தொபியாஸ் இடத்துலதானே இவரு நின்னாரு? அப்ப தொபியாஸ் நின்ன கணக்குத்தானே?"

இவ்வளவு கூர்மையான கேள்வியைக் கோணாவிளை அதுவரை கேட்டதில்லை. உபதேசியார் வியாகுலத்தின் பக்கம் திரும்பினார்.

"வே, வார்த்தைப்பாடு சொல்லும்போது யார் பேரைச் சொன்னீரு?"

"வியாகுலமாகிய நான்னு சொன்னேன்."

"தொபியாஸ் பேரையில்லா சொல்லியிருக்கணும்!"

"நற்கருணை முன்னால நின்னுக்கிட்டு, தொபியாஸாகிய நான்னு பொய் சொல்லச் சொல்லுதீரா ஓய்?"

அது நியாயம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கோயிலில் பொய் சொல்லாதவர் என்று வியாகுலத்தை இரண்டு பேர் பாராட்டவும் செய்தார்கள்.

"நீ யார் பேரைச் சொன்ன?" என்றாள் தெக்லா அத்தை.

பிரகாசி தலை குனிந்தாள். சாவி தாடையில் இடித்தது. "எதிர்ல நிக்கிறவரு பேரைத்தானே அத்தை சொல்லமுடியும்?"

"முடிஞ்சுது" என்றார் உபதேசியார்.

வியாகுலம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒரே ஒரு பாய்தான் இருக்கு" என்றார் யாரிடம் என்றில்லாமல். "இந்த வயசு வரைக்கும் நிம்மதியா இருந்துட்டேன்."

"எனக்கு மட்டும் ஆசையா?" என்று பிரகாசி அழ ஆரம்பித்தாள். "தொபியாஸ் அங்கே ரயிலேறப் போறாரு. வந்து இறங்கினதும் நான் அவரைப் பாத்து என்ன சொல்ல? உங்க இடத்துல ஒருத்தர் நின்னாரு, அவரையே கட்டிக்கிட்டேன்னு சொல்லவா?"

காப்பி குடித்துவிட்டு வந்து யோசிப்போம் என்று முடிவாயிற்று. ஆனால் கோயிலைப் பூட்டாமல் போகமுடியுமா? வியாகுலம் சாவிக்குக் கை நீட்டினார்.

"தொடாதீரும்!" என்று அலறினாள் தெக்லா அத்தை. "புருஷன் குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது கழுத்துக் கயித்தைக் கழட்டுறதா?"

எனவே பிரகாசியே கதவுக்கு முன்னால் முழங்காலிட்டு, பூட்டுக்குக் கழுத்தை நீட்டினாள். கயிறோ குட்டை. சாவியைத் திருப்புவதற்கு அவளே திரும்பவேண்டியிருந்தது. உபதேசியார் தோளைப் பிடித்துக்கொள்ள, வியாகுலம் காலைப் பிடித்துக்கொள்ள, அவளை வலது பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்கள். காப்பிக்குப் பிறகு இடது பக்கமாகச் சுற்றித் திறந்தார்கள்.

தலை கிறுகிறுத்தபடி கிடந்தபோதுதான் பிரகாசிக்கு அது தோன்றியது.

"தையல் தப்பா விழுந்தா நான் துணியையா தூக்கிப் போடுதேன்? கடைசித் தையல்லேருந்து ஒவ்வொண்ணா பிரிச்சுட்டு வருவேன். முதல் தையலையும் பிரிச்சுட்டா ஊசியே படாத துணி மாதிரி ஆயிரும். ஒத்திகையையும் கடைசியிலேருந்து பிரிச்சா என்ன?"

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். "இதைச் சொல்ல இவ்வளவு நேரமா பிள்ள?"

உடனே ஆரம்பித்தார்கள். பாடகர் குழு கடைசிப் பாட்டைக் கடைசி வரியிலிருந்து பாடியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தூவிய பூவை அவரவர் தூவியது அவரவர் என்று பொறுக்கினார்கள். "அந்தச் செவ்வந்தி என்னுது. உன்னுது அரளி" என்று இரண்டு பேர் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வியாகுலம் மூன்றாவது முடிச்சை அவிழ்த்தார், இரண்டாவதை அவிழ்த்தார், முதலாவதைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். சாவி அவர் கழுத்துக்கே திரும்பியது. வார்த்தைப்பாட்டைக் கடைசி வார்த்தையிலிருந்து சொன்னார்கள்.

"நோயிலும், உடல்நலத்திலும், துன்பத்திலும், இன்பத்திலும்…" என்று வியாகுலம் திணறினார்.

"துன்பம் முதல்ல, இன்பம் பிறகு" என்றாள் தெக்லா அத்தை. "இந்தப் பக்கமாச் சொன்னாத்தான் கேக்க நல்லாயிருக்கு."

கடைசியாக எல்லாரும் முதுகு காட்டி வாசலுக்கு நடந்தார்கள். உபதேசியார் வாசலோரத் தீர்த்தத் தொட்டிக்குள் இடறி உட்கார்ந்து எழுந்தார். பிரகாசி பின்பக்கமாகவே வீட்டுக்குப் போய், பின்பக்கமாகவே படியேறினாள். வியாகுலம் அறைக்குப் போய்ப் பாயை அகலமாக விரித்துப் படுத்தார்.

மறுநாள் காலை தொபியாஸ் ரயிலிறங்கி வந்தான். ஜெரோம் சாமியும் வந்தார். கோயிலுக்குள் வைத்து உபதேசியார் நடந்த எல்லாவற்றையும் சொன்னார். சாமி பீடத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். தொபியாஸ் சிரிக்கவில்லை. அவன் அம்மா பிறந்தது கோணாவிளையில்.

"பிரிச்சது சரியாப் பிரிஞ்சுதா?" என்று பிரகாசியிடம் மெதுவாகக் கேட்டான்.

"ஒரு நூல்கூட இல்ல" என்றாள் அவள்.

"ஐயா, ஒத்திகை கலியாணமும் ஆகாது, அதைப் பிரிக்கவும் வேண்டாம்!" என்றார் சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போனது போகட்டும். எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிங்க. நான் உடுத்திட்டு வாரேன்."

அவர் பூசை உடுப்புப் போடப் பக்கத்து அறைக்குள் போனார். உபதேசியார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்.

"சாமி சொன்னது கேட்டுதா? முதல்லேருந்துன்னா பொண்ணு பாக்கிறதுலேருந்து. எல்லாரும் ஊருக்குப் போயிட்டு, ஒரு நல்ல நாளாப் பாத்து வாங்க."

"சரிதான்" என்று தொபியாசின் அப்பா எழுந்தார். அவரோடு மூன்று பெஞ்சும் எழுந்தது. "பதினொண்ணு பத்துக்கு பஸ் இருக்கு."

"அதுக்கப்புறம் ஓலையும் மறுபடி மூணு ஞாயிறு வாசிக்கணும்" என்றாள் தெக்லா அத்தை. "நடுவுல தவக்காலம் வேற வந்துரும், அதுல கலியாணம் கிடையாது. பாஸ்காப் பண்டிகை கழிஞ்சுதான்."

தொபியாஸ் மாலையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தான். பிரகாசியிடம் வந்து, பழக்கமில்லாத பெண்ணிடம் பேசுகிறவன் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அப்ப நான் போயிட்டு, உன்னைப் பொண்ணு பாக்க வாரேன்."

அவன் வாசலை நோக்கி நடந்தான். பிரகாசி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். வியாகுலத்தின் கழுத்திலிருந்த சாவியைக் கயிற்றோடு பிடுங்கினாள். தொபியாசை முந்திக்கொண்டு ஓடி, வாசல் கதவை உள்ளேயிருந்து சாத்திப் பூட்டினாள். பிறகு அந்தக் கயிற்றைத் தன் கழுத்தில் போட்டு, மூன்று முடிச்சையும் தானே போட்டுக்கொண்டு, "கழுத்துக் கயித்தைக் கழட்டக்கூடாதுல்லா அத்தை? இனி தாலி ஏறுன பிறகுதான் கதவு திறக்கும்" என்றாள்.