கரியைக் கொடுத்து உப்பு வாங்கிய மாசாணம்

கழிமுகத்தை ஒட்டிய முட்காட்டில் பூவாத்தா என்ற முள்ளம்பன்றி, கணவன் மாசாணத்தோடும் இரண்டு குட்டிகளோடும் ஒரு வளையில் வாழ்ந்தது. அது சித்திரை மாதம். காற்றெல்லாம் கடலின் பிசுபிசுப்பு. நனைத்துப் போட்ட மணல்கூட உலராமல் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

அதற்குப் பூவாத்தா ஒரு வழி வைத்திருந்தது. வளைக்குள் ஈரமணலைப் பரப்பி, சுற்றிலும் கருவேலங்கரியைக் குவிக்கும். காய்ந்த கரி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். உடனே மணலின் நீர் ஆவியாகி வளை குளிர்ந்துவிடும். கரி ஈரமானதும் வெளியே பாறையில் போட்டு வெயிலில் காயவைத்து, மறுபடி உள்ளே கொண்டுவரும். இரண்டு கோடையாக அதே கரிதான்!

நரி சடையனுக்கு அந்தக் குளிர்ச்சியின் மேல் கண். ஒருநாள் வெள்ளை வெளேரென்ற உப்புக்கட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தது.

“மாசாணம் அண்ணே! உங்க கரி ஒரு வாய் ஈரம் குடிச்சா, இது ஒரு குடம் குடிக்கும்! கரியைக் கொடுத்துட்டு இதை வச்சுக்கோங்க!”

“ஏங்க, அவசரப்படாதீங்க! பல தடவை காயவச்சு எடுத்தாலும் இது தாங்குதான்னு முதல்ல பார்ப்போம்” என்றது பூவாத்தா.

“உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்தான்!” என்று மாசாணம் கரி முழுவதையும் வாரிக் கொடுத்துவிட்டது.

அன்று வளை ஜில்லென்று இருந்தது. “பார்த்தியா!” என்று மாசாணம் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டது. நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று பூவாத்தாவுக்கே தோன்றியது.

ஆனால் காயவைக்கப் போட்ட உப்பில் பாதி பாறையோடு ஒட்டிக்கொண்டது. மீதி நாளுக்கு நாள் கரைந்து, கடைசியில் உப்புநீராக மணலுக்குள் ஓடிப்போனது. வளை கொதித்தது. சின்னக் குட்டி நாக்கைத் தொங்கவிட்டபடி சுருண்டு விழுந்தது.

“கண்ணு! கண்ணைத் திற!” பூவாத்தா மூக்கால் நெட்டிப் பார்த்தது. குட்டி அசையவில்லை.

“நான்தான் கெடுத்தேன்!” என்று மாசாணம் விம்மியது.

“அழ நேரமில்லை. குட்டி மேல தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க!” என்று சொல்லிவிட்டுப் பூவாத்தா நரியின் குகைக்கு ஓடியது.

வாசலில் சடையன் மூச்சிரைத்துக்கொண்டு படுத்திருந்தது. “அண்ணி! உங்க கரி சுத்த ஏமாத்து வேலை! முதல் நாள் குளிர்ந்துச்சு. அப்புறம் செத்துப்போச்சு!”

பூவாத்தா உள்ளே எட்டிப் பார்த்தது. கரி சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. சோம்பேறி நரி அதை ஒருநாள்கூட வெயிலில் போடவில்லை! வாய்வரை வந்த சிரிப்பைப் பூவாத்தா அடக்கிக்கொண்டது.

“அடடா! செத்த கரி உனக்கு எதுக்குத் தம்பி? நாங்களே அள்ளிட்டுப் போறோம்.”

“ஒண்ணு விடாம அள்ளிட்டுப் போங்க! சனியன் தொலையட்டும்!”

ஒருவர் குட்டிக்குத் தண்ணீர் தெளிக்க மற்றவர் சுமப்பதென்று, கணவனும் மனைவியும் கரியை மாறி மாறிச் சுமந்தார்கள். உச்சிவெயிலில் பாறை அனலாகக் கொதித்தது. கரி மொறமொறவென்று காய்ந்தது. ஒரு துண்டுகூட உடையவில்லை. அதை வளைக்குள் குவித்து, புதிதாக ஈரமணல் பரப்பிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மணல் மெல்ல மெல்லக் குளிர்ந்தது. குட்டி நாக்கை உள்ளே இழுத்தது. கண்ணைத் திறந்தது.

“அம்மா, பசிக்குது!”

பூவாத்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாசாணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

முதல் நாள் காட்டும் பகட்டைவிட, பலநாள் உழைத்தும் குலையாத திடமே நம்பத் தகுந்தது.