ஊதாக் கோடு

கடலோரக் கான்வென்ட் ஒன்றில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள் சகாயராணி. பாடம் நடத்தும் வித்தையை அவளுக்குப் பழக்கியவர் தலைமையாசிரியை சிஸ்டர் லிடியா. சகாயராணியைவிட வயதில் இளையவர். கேள்வி கேட்பதில் மூத்தவர்.

வாரத் தேர்வு மார்க்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிள்ளைக்கு ஒரு நிறமாக, ஸ்மார்ட் போர்டில் கோடு கோடாகக் காட்டினாள் சகாயராணி. ரோஷம் வந்து படிப்பார்கள் என்று நினைத்தாள். ரோஷம் வந்ததுதான். "என் கோடு உன் கோட்டைத் தாண்டிடுச்சுடி!" என்று இடைவேளையில்கூட ஒரே கூத்து.

அடியில் கிடந்த ஊதாக் கோடு பெர்சியுடையது. 'தரைக்கோடு' என்று அவளுக்குப் பட்டம் கட்டினார்கள். பெர்சி பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். இன்று அவள் அம்மா வந்து நின்றாள்.

"டி.சி.யைக் குடுத்துருங்க டீச்சர். கணக்கு ஏறாத பிள்ளை, எங்கூட மீன் விக்கவாவது வரட்டும்."

சொல்லிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். சகாயராணி சிஸ்டரிடம் ஓடினாள்.

"எல்லாரையும் தூக்கிவிட்ட படம், இவளை மட்டும் ஏன் சிஸ்டர் தள்ளிவிடுது?"

"படத்தைப் போடுங்க, பார்ப்போம்."

காலி வகுப்பில் கோடுகள் ஒளிர்ந்தன. மூக்கு போர்டில் இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போனார் சிஸ்டர்.

"இதென்ன, நடுவில ஒரு பள்ளம்? எல்லாக் கோடும் ஒண்ணாப் போய் விழுந்திருக்கு?"

"தசமப் பின்னம் நடத்தின வாரம் சிஸ்டர். பிள்ளைங்க அசால்ட்டா இருந்துட்டாங்க."

"மொத்த வகுப்பும் கூடிப் பேசி வச்சுக்கிட்டா?"

சகாயராணிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது.

"சரி, விழுந்தவங்க எப்படி ஏறினாங்க?"

"டியூஷன்ல பிடிச்சுக்கிட்டாங்க."

"எல்லாருமா?"

"பெர்சியைத் தவிர. அவங்க வீட்ல டியூஷனுக்கு ஏது வழி..."

சொல்லும்போதே அவள் கண் போர்டுக்குப் போனது. பள்ளத்துக்கு முன்னால் ஊதாக் கோடு மற்றவற்றோடு ஒட்டித்தான் ஓடியிருந்தது. இத்தனை நாளும் அவள் பார்த்தது அதன் நுனியை மட்டும்தான்.

வராந்தாவில் பெர்சியின் அம்மா இருமும் சத்தம் கேட்டது.

"அந்த அம்மாகிட்ட நான் என்ன சிஸ்டர் சொல்லட்டும்?"

"அதுக்கு முன்னாடி எனக்கொண்ணு சொல்லுங்க டீச்சர்," என்றார் சிஸ்டர். "இதுல, உங்ககிட்ட மட்டுமே கணக்குப் படிச்ச பிள்ளையோட கோடு எது?"