யாரும் தொடாத தாம்பூலம்

கேளுங்கள் பெரியோரே, நீங்களும் கேளுங்கள் பிள்ளைகளே. முன்னொரு காலத்தில், கரடிமலைக்கு இந்தப் பக்கம் வீரகேது என்றொரு ராஜா இருந்தான். தன் நாட்டில் குறையொன்றும் இல்லாததால், அயல்நாட்டுக் குறையைத் தீர்ப்பதில் அவனுக்குக் கொள்ளை ஆசை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சபையில் ராஜாவின் தட்டிலிருந்து தாம்பூலம் எடுத்தவன், தன் வீட்டு ஆண்பிள்ளைகளோடு போருக்குப் போயே தீர வேண்டும். தட்டு எப்போதும் சேனாபதி மாறவேளிடம்தான் வரும். அவர் எடுத்தால் படை முழுவதும் கிளம்பும்.

முதல் தடவை, கிழக்கே ஒரு சிற்றரசனைக் காப்பாற்றப் போனார்கள். மாறவேளின் மூத்த மகன் திரும்பவில்லை. இரண்டாம் தடவை, காப்பாற்றிய அதே சிற்றரசனை அடக்கப் போனார்கள். நடு மகன் திரும்பவில்லை. மிஞ்சியவன் கடைக்குட்டி நன்னன்.

மூன்றாம் தடவை, மலைக்கு அந்தப் பக்கம் ஓர் அண்ணனும் தம்பியும் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்டார்கள். தம்பி பக்கமே நியாயம் என்றார் மந்திரி. தர்மம் நம்மை அழைக்கிறது என்று பாடினார் புலவர். வேல் விற்கும் வணிகர் இரண்டையும் ஆமோதித்தார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதையாக, ஊரார் பிள்ளைகளை ஆளாளுக்கு வாரி வழங்கினார்கள்.

தட்டு வந்தது. சேனாபதியே எடுக்காவிட்டால் தலை போகும், எடுத்தால் மகன் போவான். மாறவேள் எழுந்து தட்டை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"மகாராஜா, இத்தனை நாளும் நானே முந்திக்கொண்டது தப்பு. நியாயம் சொன்னவர்களுக்கல்லவா முதல் மரியாதை? உத்தரவு கொடுங்கள்."

ராஜா மகிழ்ந்து தலையசைத்தான்.

மந்திரிக்கு அன்றைக்கு விரதமாம். புலவருக்குப் பல்வலியாம். வணிகருக்குச் சுண்ணாம்பு என்றாலே நாக்கு வெந்துபோகுமாம். சபையைச் சுற்றிய தட்டு, ஒரு வெற்றிலையும் குறையாமல் ராஜாவின் முன்னால் வந்து நின்றது.

பக்கத்தில் இளவரசன் இருந்தான். ராஜா வெற்றிலையைப் பார்த்தான், மகனைப் பார்த்தான், மறுபடி வெற்றிலையைப் பார்த்தான்.

"மழைக்காலம் வருகிறது. பிறகு பார்ப்போம்" என்றான்.

போர்முரசு உறையை விட்டு வெளியே வரவில்லை. மாறவேள் வீட்டுக்குப் போய், காரணம் சொல்லாமல் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார்.

ஐப்பசியில் அந்த அண்ணனும் தம்பியும் தங்கை கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். அங்கேயும் தாம்பூலத் தட்டு வந்தது. இருவரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே அறிந்துகொள்ளுங்கள்: அயலார் சண்டைக்குத் தானும் தன் பிள்ளையும் போகத் துணியாதவன், அடுத்தவன் பிள்ளையை அனுப்பக் கூடாது.