முப்பத்தொண்ணாம் நம்பர்

உக்காருங்க, உக்காருங்க. பின்னாடி நிக்கிற அண்ணே, சேர் இல்லைன்னா தரையில உக்காருங்க, தரை ஒண்ணும் கடிக்காது. போனைக் கவுத்து வைங்க. அந்த ஓரத்துல ரெண்டு பேரு கட்-ஆஃப் பேசிக்கிட்டே இருக்கீங்களே, கொஞ்சம் நிறுத்துங்க. நீங்க பேசுறதால யாருக்கும் அரை மார்க்கு ஏறப் போறதில்ல.

ஒரு ஊர்ல ஒரு லிஸ்டு இருந்துச்சு.

ஊரு மணப்பாறை. லிஸ்டு இருந்தது நௌஷாத்தோட பிரவுசிங் சென்டர்ல, மூணாவது மெஷின்ல. கோபிகான்னு ஒரு புள்ள, பன்னெண்டாவது முடிச்சிட்டு எஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்குப் போட்டிருந்துச்சு. எந்தக் காலேஜு, எந்தப் படிப்புன்னு வரிசையாப் போட்டு, கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லாக் பண்ணணும்ல, அந்த லிஸ்டு. அதுல மொத்தம் முப்பத்தொரு நம்பர். ஒவ்வொண்ணுக்கும் வாய் உண்டு. யாரு போட்டாங்களோ அவங்க வாயே அதுக்கும் ஒட்டிக்கிச்சு.

ஒண்ணாம் நம்பரைப் போட்டது கோபிகாவோட பெரியப்பா வையாபுரி. கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. ஒண்ணாம் நம்பர் சென்னையில பெரிய காலேஜு, கம்ப்யூட்டர் படிப்பு. தொண்டையைச் செருமாம அதுக்குப் பேச்சு வராது. "ம்க்கும். நான் யாருன்னு தெரியும்ல. என் பேரைச் சொன்னாலே சொந்தக்காரன் பாதிப் பேரு காபி குடிக்காம எந்திரிச்சுப் போயிருவான்."

ரெண்டாம் நம்பர் மஸ்கட்ல இருந்து அப்பா வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிப் போட்டது. "ஹலோ, கேக்குதா, கேக்குதா. அதாகப்பட்டது, ஏஐ, அதை விட்றாதீங்க, கேக்குதா." பாவம், அது வாயைத் தொறந்தாலே பின்னாடி லாரி ஓடுற சத்தம் கேக்கும்.

மூணாம் நம்பர் டியூஷன் சார் போட்டது. "நான் ஸ்கோப் உள்ள படிப்பு, புரியுதா. ஸ்கோப் இல்லாம வாழ முடியாது, புரியுதா." புரியலைன்னு சொன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்னு எல்லாம் தலையாட்டி வச்சிருச்சுங்க.

நாலாம் நம்பர் எதுத்த வீட்டு அக்கா போட்டது. தனியார் காலேஜு. அதுவும் கம்ப்யூட்டர்தான். அது கால் மேல கால் போட்டு உக்காந்திருந்துச்சு. "எங்க பஸ்ஸு உங்க வாசல்லயே நிக்கும்க்கா. ஏசி பஸ்ஸு. சீட்டா? எங்கிட்ட எப்பவும் இருக்கும். நான் என்னைக்கு இல்லைன்னு சொல்லியிருக்கேன்."

அஞ்சுல இருந்து முப்பது வரைக்கும் நௌஷாத் போட்டது. லிஸ்டு சின்னதா இருந்தா பாக்க நல்லா இல்லைன்னு அவன் எல்லாருக்கும் போடுற அதே இருபத்தாறு. அதுங்க ஒரே மாதிரி சட்டை போட்டுக்கிட்டு ஒரே குரல்ல பேசும். "நாங்க எல்லா வீட்டு லிஸ்டுலயும் இருக்கோம். எங்களை யாரும் கேட்டதில்ல. நாங்களும் யாரையும் கேட்டதில்ல."

கடைசியா முப்பத்தொண்ணு. அரசாங்கக் காலேஜு, சிவில். அதைப் போட்டது கோபிகா. அது வாயே தொறக்கல.

அது எப்படிக் கடைசிக்குப் போச்சுன்னா, அங்கதான் பெரியப்பா நிக்கிறாரு. அவரு வாழ்க்கையில லிஸ்டுன்னு உக்காந்து தயாரிச்சது ஒண்ணே ஒண்ணுதான், கல்யாணப் பத்திரிகை. எந்த மாமா பேரு மேல, எந்தச் சித்தப்பா பேரு கீழ, யாரு கோவிச்சுக்குவாங்க, எல்லாம் அத்துப்படி. நௌஷாத் பக்கத்துல சேரை இழுத்துப் போட்டு உக்காந்து இந்த லிஸ்டையும் அப்படியே அடுக்கிட்டாரு. பெரிய ஆளு எல்லாம் மேல. "என் பாப்பா போட்டது எங்கங்க?"ன்னு அம்மா தமயந்தி கேட்டதுக்கு, "கீழ போட்டாச்சும்மா. பத்திரிகையில சின்னப் புள்ளைங்க பேரைக் கடைசியில போட மாட்டமா, அது மாதிரி. பேரு இருக்குல்ல, அது போதும்"ன்னுட்டாரு.

முன்னாடியே கோபிகா சொல்லிப் பாத்துச்சு. தெருமுனையில தண்ணித் தொட்டி கட்டுன ரெண்டு வருஷமும் அந்தப் புள்ள ஸ்கூல் விட்டு வந்ததும் அங்கதான் நிக்கும். கம்பியை ஏன் நுனியில வளைக்கிறீங்கன்னு கொத்தனாரைக் கேட்டுக் கேட்டு, கடைசியில அவரு இந்தப் புள்ளையைப் பாத்தா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயி உக்காருவாரு. "எனக்கு சிவில்தான் பெரியப்பா"ன்னு சொன்னப்ப, "வெயில்ல நிக்கிற படிப்பு அது. பொம்பளப் புள்ள கருத்துப் போயிருவ"ன்னாரு. சொல்றவரு என்ன கலருன்னு நான் சொல்ல மாட்டேன்.

மணி நாலேகால். லாக் பண்ணப் போறான் நௌஷாத். அந்த நேரம் பாத்து பொறந்தான் ஓடிபி.

ஓடிபியைத் தெரியும்ல. பொறக்கும்போதே சாகுற தேதி எழுதிக்கிட்டு வர்ற பய. அம்மா நம்பரைத்தான் குடுத்திருந்தாங்க, அதனால நேரா தமயந்தி கையில இருந்த போனுக்குள்ள வந்து குதிச்சான். "எனக்குப் பத்தே நிமிஷம்தான். சீக்கிரம் என்னைச் சொல்லுங்க. ஆறு நம்பருதான், கஷ்டம் ஒண்ணும் இல்ல. சொல்லுங்க, சொல்லுங்க."

"அக்கா, நம்பர் வந்துச்சா?"ன்னான் நௌஷாத்.

தமயந்தி போனைப் பாத்தாங்க. ஸ்கிரீனைப் பாத்தாங்க. "தம்பி, இந்த லிஸ்டுல எப்படிக் குடுப்பாங்க?"

"ரேங்கு வரும்க்கா. மேல இருந்து ஒவ்வொண்ணா பாக்கும். எங்க மொதல்ல சீட்டு இருக்கோ அங்க நின்னுரும்."

"அதுக்குக் கீழ இருக்கிறது?"

"அதைப் பாக்கவே பாக்காது."

"பாப்பா ரேங்குக்கு எங்க நிக்கும்?"

நௌஷாத் போன வருஷக் கணக்கை எடுத்துப் பாத்தான். "நாப்பத்தோராயிரம். ஒண்ணு, ரெண்டு, மூணு கெடைக்காது. நாலுல நின்னுரும்."

உள்ள நாலாம் நம்பர் காலை மாத்திப் போட்டுச்சு. "நான் சொன்னேன்ல. வாசல்லயே பஸ்ஸு."

"முப்பத்தொண்ணுல பாப்பாவுக்கு இடம் இருக்கா?"

"இருக்கும்க்கா. ஆனா அது வரைக்கும் ரேங்கு வராதே."

தமயந்தி போனைக் கவுத்துப் புடிச்சுக்கிட்டாங்க.

"என்னம்மா, நம்பரைச் சொல்லு"ன்னாரு பெரியப்பா.

"இருங்க மாமா."

உள்ள ஓடிபிக்கு வேர்த்துருச்சு. "அம்மா, நாலு நிமிஷம்தான் இருக்கு. நான் சின்ன வயசு. ஒரு தடவையாவது என்னைச் சத்தமாப் படிங்க." யாரும் படிக்கல. நாலு இருபத்தஞ்சுக்கு உயிரை விட்டான்.

"காலாவதி ஆயிருச்சு. திரும்ப அனுப்புறேன்"ன்னான் நௌஷாத்.

ரெண்டாவது ஓடிபி வந்து குதிச்சான். "எங்கண்ணன் வந்தானே, என்ன ஆனான்?" லிஸ்டுல இருந்து மூணாம் நம்பர், "அவனுக்கு ஸ்கோப் இல்ல, புரியுதா"ன்னுச்சு.

"தமயந்தி, விளையாட்டா இது?"ன்னாரு பெரியப்பா. "புள்ளையோட எதிர்காலம்மா. எல்லாரும் யோசிச்சுத்தான் போட்டிருக்கோம். உன் வீட்டுக்காரனும்தான் போட்டிருக்கான். உனக்கு இதுல என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. நீங்க இதைப் பத்திரிகை மாதிரி போட்டிருக்கீங்க. அந்தத் தம்பி சொல்றதைப் பாத்தா இது ரேஷன் கடை வரிசை. பின்னாடி நிறுத்திட்டா பேரு இருந்து என்ன, சர்க்கரை கெடைக்காது."

நௌஷாத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். சிரிச்சா வாடிக்கை போயிரும்ல.

லிஸ்டுக்குள்ள ஒரே கூச்சல். "ம்க்கும், மரியாதைன்னு ஒண்ணு இருக்கு"ன்னுச்சு ஒண்ணு. "கேக்குதா, என்ன நடக்குது அங்க, கேக்குதா"ன்னுச்சு ரெண்டு. "ஏசி பஸ்ஸுக்கா"ன்னுச்சு நாலு. இருபத்தாறும் சேந்து, "எங்களுக்கு எப்படியும் சரி"ன்னுச்சுங்க. அந்தக் கூச்சல்ல ரெண்டாவது ஓடிபி போய்ச் சேந்ததை யாரும் கவனிக்கல.

மணி நாலு நாப்பத்தஞ்சு. மூணாவது ஓடிபி தயங்கித் தயங்கி வந்தான். எட்டிப் பாத்து, "நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்"ன்னான்.

இப்ப பெரியப்பாவுக்கே வேர்க்க ஆரம்பிச்சிருச்சு. அஞ்சு தாண்டுனா லிஸ்டே இல்லாமப் போயிருமோன்னு பயம். "சரிம்மா, உனக்கு என்னதான் வேணும்? சொல்லு."

"எனக்கு எதுவும் வேணாம் மாமா. பாப்பாவைக் கேளுங்க."

நம்புங்க, அந்தப் புள்ளையை அன்னைக்குக் காலையில இருந்து ஒருத்தரும் கேக்கல. மெஷினுக்குப் பக்கத்துல இருந்த ஸ்டூல்ல, எல்லாரோட பையையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. பெரியப்பா திரும்பிப் பாத்தாரு. தொண்டையைச் செருமுனாரு. "சொல்லும்மா."

கோபிகா பையை எல்லாம் கீழ வச்சிட்டு எந்திரிச்சுச்சு. "முப்பத்தொண்ணு மேல வரட்டும் பெரியப்பா. மத்ததை எடுக்க வேணாம், அப்படியே பின்னாடி நிக்கட்டும். அது கெடைக்காமப் போனா நீங்க போட்டதுல எது வருதோ அதுல சேந்து ஒழுங்காப் படிக்கிறேன்."

பெரியப்பா செவுத்துக் கடிகாரத்தைப் பாத்தாரு. "ஏத்துப்பா"ன்னாரு.

நௌஷாத் ஸ்கிரீன்ல மேல போற அம்புக்குறியை அமுக்க ஆரம்பிச்சான். ஒரு அமுக்குக்கு ஒரு படி. மொத்தம் முப்பது படி. இருபத்தாறு பேரும் ஒண்ணும் சொல்லாம ஒதுங்கி வழி விட்டுச்சுங்க, அதுங்களுக்குப் பழக்கம். நாலாம் நம்பர் காலை மடக்கல, தாண்டித்தான் போக வேண்டியிருந்துச்சு. "எத்தனை நாளைக்குன்னு பாப்போம். அரசாங்கப் பஸ்ஸுல நின்னுட்டுப் போறப்ப தெரியும்." மூணாம் நம்பர், "கட்டடம் கட்டுறதுக்கு எதுக்குப் படிப்பு, புரியுதா"ன்னுச்சு. ரெண்டாம் நம்பர் "யாரது, யாரு போறது, கேக்குதா"ன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணாம் நம்பர் எந்திரிக்கல. கடைசி அமுக்குல சேரோட சறுக்கி ரெண்டாவது இடத்துக்கு வந்துச்சு. முப்பத்தொண்ணு யாருக்கும் பதில் சொல்லாமப் போயி மேல நின்னுச்சு.

தமயந்தி போனை நிமித்தி ஆறு நம்பரையும் நிறுத்தி நிறுத்திப் படிச்சாங்க. மூணாவது ஓடிபி தன் பேரைக் கேட்டுக்கிட்டே நிம்மதியாக் கண்ணை மூடுனான். லாக் ஆச்சு. மணி நாலு அம்பத்திரண்டு.

அடுத்த வாரம், சீட்டு ஒதுக்குற அன்னைக்கு, கோபிகாவோட ரேங்கு லிஸ்டுக்கு வந்துச்சு. நல்ல ஆளும் இல்ல, கெட்ட ஆளும் இல்ல. யாரு வீட்டுப் புள்ள, யாரு சிபாரிசு, எதுவும் கேக்காது. மேல இருக்கிற ஆளுகிட்ட நின்னு, "நாப்பத்தோராயிரம். இடம் இருக்கா?"ன்னுச்சு.

சிவில் தலையை ஆட்டுச்சு.

ரேங்கு அங்கேயே பேரை எழுதிட்டு, கீழ ஒருத்தரையும் பாக்காமத் திரும்பிப் போயிருச்சு.

பழைய ஒண்ணாம் நம்பருக்குப் பொறுக்கல. அது வாழ்க்கையில யாருக்குப் பின்னாடியும் நின்னதில்ல. தொண்டையைச் செருமிக்கிட்டு முன்னாடி இருந்த முதுகைத் தட்டுச்சு. "ஏய், பெரிய இடத்துல நிக்கிறன்னு நெனப்பு வேணாம். நாளைக்கு அந்தப் புள்ள வெயில்ல நின்னுக்கிட்டு, ஏன்தான் இதை எடுத்தோமோன்னு அழுதா யாரு பதில் சொல்றது? நீயா?"

அதுவரைக்கும் வாயைத் தொறக்காத சிவில் அப்பதான் திரும்பிப் பாத்துச்சு.

"அவளே சொல்லிக்குவா. உன்னை எடுத்துட்டு அழுதிருந்தாதான், பதில் சொல்ல ஊரு பூரா போயி ஆள் தேடணும்."