கரண்டி பிடித்த ராஜா

முன்னொரு காலத்தில் கொழுந்துமலை நாட்டை வீரகடம்பன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மனசு ஒரு நிலையில் நிற்காது. காலையில் ஒருவனுக்கு யானையைத் தானம் கொடுப்பான், சாயங்காலம் அதைத் திருப்பிக் கேட்பான். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவன் மனசு மாறி யாரும் பார்த்ததில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். தைப்பூசத்தன்று மலைக்குகை முருகனுக்கு ராஜாதான் விளக்கேற்ற வேண்டும். குகைக்குக் கதவும் கிடையாது, வாசலும் கிடையாது. பாறையில் ஒரு பிளவு, அவ்வளவுதான். ஒருக்களித்து, வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ராஜாவால் முடியாமல் போனால், அரண்மனை உறவில் யார் நுழைந்து ஏற்றுகிறாரோ அவர் கைக்குச் செங்கோல் போய்விடும்.

உடம்பை ஒல்லியாக வைத்துக்கொண்டால் போச்சு என்பீர்கள். எங்கே விட்டார்கள்? தீபாவளியில் தொடங்கினால் பொங்கல் வரைக்கும் வீட்டுக்கு வீடு விருந்து. இலை முன்னால் உட்கார்ந்துவிட்டால் பரிமாறுகிற கையைத் தடுக்கக் கூடாது, இலையில் விழுந்ததை மிச்சம் வைக்கவும் கூடாது. ராஜாவுக்கும் சரி, மற்றவருக்கும் சரி, அதுதான் முறை. மீறினால் பரிமாறியவரை அவமதித்ததாக ஆகிவிடும்.

ராணியின் அண்ணன் மருதப்பர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் முருங்கைக்காய் மாதிரி ஆள். அமைச்சர் குழைக்காதரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். அந்த மனிதர் இருக்கிறவரை அரண்மனையில் தன் பேச்சு எடுபடாது, செங்கோலே தன் கைக்கு வந்துவிட்டால் அவரைத் துரத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார். தீபாவளியிலிருந்து ராஜாவை விடாமல் அழைத்து விருந்து வைத்தார்.

"இன்னும் ரெண்டு அதிரசம், மாப்பிள்ளை. தங்கச்சி கேட்டால் நான் என்ன சொல்வேன்?"

மாப்பிள்ளையும் சளைக்காமல் தின்றான்.

கார்த்திகை முடிந்ததும் ராஜாவுக்கு இடுப்புக் கச்சை எட்டவில்லை. லேசாகச் சந்தேகம் தட்டியது. அமைச்சரை மட்டும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்ப் பிளவில் நுழைந்து பார்த்தான். தோள் போனது, தொந்தி போகவில்லை. ராஜாவுக்கு முகம் செத்துவிட்டது. பாட்டன் முப்பாட்டன் ஏற்றிய விளக்கு, தன் தொந்தியால் கைவிட்டுப் போவதா?

"குழைக்காதரே, இன்றிலிருந்து நான் பட்டினி. யார் வீட்டுக்கும் வர மாட்டேன்."

"கூப்பிட்டவர்களெல்லாம் பகையாவார்கள் அரசே. போக வேண்டியதுதான். ஆனால் உட்காருகிறவருக்குத்தானே அந்த முறை? பரிமாறுகிறவர் எப்போது சாப்பிடுவார்?"

"கடைசிப் பந்தியில்."

"அப்போது என்ன மிஞ்சியிருக்கும்?"

ராஜா கொஞ்சம் யோசித்தான். "ரசமும் மோரும்."

"உங்களுக்கு அது போதும்," என்றார் அமைச்சர்.

மறுநாளே சபையில் சொல்லிவிட்டான். இந்த வருஷம் எந்த வீட்டு விருந்தானாலும் ராஜாதான் பரிமாறுவார். மருதப்பர் துள்ளி எழுந்தார்.

"ராஜா கரண்டி பிடிப்பதா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

"அந்த நாலு பேருக்கும் நானே பரிமாறுகிறேன், மச்சான். சாப்பிட்டுவிட்டுச் சொல்லட்டும்."

சொன்னபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். இலைக்கு இலை குனிய வேண்டும், நிமிர வேண்டும், சோறு தீர்ந்தால் அடுப்படிக்கு ஓட வேண்டும். முதல் வாரம் இடுப்பு ஒடிந்துவிட்டது. பொங்கலன்று நெய் மிதக்கிற சர்க்கரைப் பொங்கல் அண்டாவைத் தூக்கியபோது வாசனையில் கண் சொருகியது. ஒரு கவளம் உருட்டி வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டான் மனிதன். அமைச்சர் அவனையே பார்த்தார்.

"அப்படிப் பார்க்காதேயும். நான் அந்தக் குகைக்குள் போயே தீருவேன்," என்று கவளத்தை எதிரே இருந்த இலையில் வைத்தான்.

எதிரே இருந்தது யார் இலை? மருதப்பர் இலைதான். ராணியின் அண்ணனுக்கு எந்தப் பந்தியிலும் முதல் இலை என்பது மரியாதை. ராஜாவும் கரண்டியை எடுத்தால் அங்கேதான் தொடங்குவான், மிஞ்சியதைக் கொண்டுவந்து அங்கேதான் கொட்டுவான்.

"என் கையால் இன்னும் ரெண்டு, மச்சான்."

ராஜா கையைத் தடுக்க முடியுமா? பாவம் மருதப்பர், கண்ணில் நீர் முட்ட விழுங்கினார். குழைக்காதர் ஒருநாள் பக்கத்தில் வந்து, "உங்களுக்குச் சிரமமாக இருந்தால் முதல் இலையில் நான் உட்காருகிறேனே," என்றார்.

"உமக்கு அந்த ஆசை வேறு இருக்கிறதா? போய் வேலையைப் பாரும்," என்று மருதப்பர் இலையை இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தைப்பூசம் வந்தது. மலையடியில் ஊரே கூடிவிட்டது. ராஜா அகலோடு ஒருக்களித்தான். பாறை வயிற்றைச் சிராய்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தான். நடுவில் ஒரு நிமிஷம் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டான். அப்புறம் ஒரு தம் பிடித்து உள்ளே போய்விட்டான். விளக்கு எரிந்தது.

"வெளிச்சம் தெரியவில்லையே," என்றார் மருதப்பர். "திரி பிடித்ததா என்று யார் கண்டது? நானே பார்க்கிறேன்." யாரும் தடுப்பதற்குள் பிளவில் பாய்ந்தார். பாதி போனார். மீதி போகவில்லை, திரும்பியும் வரவில்லை.

உள்ளேயிருந்து ராஜா குரல் கேட்டது. "மச்சான், வழியை விடுங்கள். நான் வெளியே வர வேண்டும்."

ஊர் சிரித்த சிரிப்பில் குரங்குகள் மரம் மாறின. விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைத் தடவித்தான் அவரைப் பின்னால் இழுத்தெடுத்தார்கள்.

வெளியே வந்த ராஜா, "குழைக்காதரே, செங்கோல் உம்மால் தங்கியது. என்ன வேண்டும், கேளும்," என்றான்.

"வருஷாவருஷம் நீங்கள் கரண்டி பிடிக்க முடியாது அரசே. இனி இலைக்கு மேலே யார் கை நீட்டினாலும், பரிமாறுகிறவர் நிறுத்திவிட வேண்டும். அதில் அவமதிப்பு இல்லை என்று ஆணையிடுங்கள். எனக்கு அதுதான் வேண்டும்."

ராஜா அங்கேயே ஆணையிட்டான். அன்று மத்தியானமே பூச விருந்து. ராஜா பாயச வாளியோடு முதல் இலைக்கு வந்தான். அந்த நாட்டில் முதன்முதலாக இலைக்கு மேலே கை நீட்டியவர் மருதப்பர்தான். அதுவும் இரண்டு கையையும்.