மாடிக்குப் போகாதவர்கள்

இருதயராஜ் கதை எழுதும் தொழிலுக்குக் கோபத்தால்தான் வந்து சேர்ந்தார்.

அதற்கு முன் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தார். மாணவர்கள் சேரவில்லை என்று அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் பெங்களூரில் இருந்தாள். வேலையும் பேச ஆளும் இல்லாமல் வீட்டில் கிடந்த அந்த நாட்களில் அவருக்குத் துணையாக இருந்தது ஒரு தொலைக்காட்சித் தொடர்.

'கருநீர் நிலையம்' என்று அதற்குப் பெயர். கடற்கரையோரம் ஓர் ஆராய்ச்சி நிலையம். விண்ணிலிருந்து விழுந்த ஏதோ ஒன்று நிலத்தடி நீரில் கலந்துவிடுகிறது. நீர் கறுத்து, தளம் தளமாக மேலே ஏறுகிறது. அதில் மூழ்கியவர்கள் இறந்துபோனவர்களின் குரலில் பேச ஆரம்பிக்கிறார்கள்.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தண்ணீர் ஏறும் வேகத்தை இருதயராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. யாரோ யோசித்து எழுதுகிறார்கள் என்று மகிழ்ந்துபோனார்.

பாதியில் கதை கெட்டது.

தண்ணீர் கீழேயிருந்து ஏறுகிறது. மேலே மொட்டை மாடி இருக்கிறது. படிக்கட்டு கண்ணெதிரே இருக்கிறது. ஒருவரும் ஏறுவதில்லை. வாராவாரம் கீழ்த்தளத்துக்கு ஓடினார்கள். சுரங்கம் தோண்டினார்கள். குழாய்க்குள் தவழ்ந்தார்கள். ஒவ்வொருவராகச் செத்தார்கள். வெள்ளம் வந்தால் மாடிக்குப் போக வேண்டும் என்று சென்னையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். படித்த விஞ்ஞானிகளுக்குத் தெரியவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் தொடரைத் தயாரிக்கும் அலுவலகத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். எடுத்தது கதாசிரியர் குழல்மொழி. இருதயராஜ் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், வேறென்ன தப்பு இருக்கிறது என்று விசாரித்தார். இருதயராஜ் இன்னும் கொஞ்ச நேரம் சொன்னார். கடைசியில் குழல்மொழி, தன்னிடம் உதவியாளராக வந்து சேர முடியுமா என்று கேட்டார்.

இப்படித்தான் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் நாற்பது வயதுப் பெண்ணிடம் பாடம் படிக்க வந்தார்.

அலுவலகம் வளசரவாக்கத்தில் இருந்தது. குழல்மொழி அதிகம் பேசமாட்டார். எழுதிக் கொடுத்ததைப் படிப்பார், சில வரிகளை அடிப்பார், திருப்பித் தருவார். அடித்த வரிகள் இல்லாமல் வாசித்தால் காட்சி மூச்சுவிடும். இருதயராஜ் அவரை 'மேடம்' என்றார். அவர் இவரை 'சார்' என்றார். தான் வயதில் பெரியவர் என்பதை இருதயராஜ் ஒரு நாளும் காட்டியதில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் அவரால் விட முடியவில்லை.

"மேடம், ஏன் யாரும் மாடிக்குப் போகமாட்டேங்கறாங்க?"

"போகக்கூடாது சார்."

"ஏன்?"

குழல்மொழி அடுத்த தாளைப் புரட்டினார். மாடிக் கதவு துருப்பிடித்துவிட்டதாக எழுதலாமா என்று இருதயராஜ் கேட்டார். சரி என்றார். உடைக்க ஆட்கள் இருக்கிறார்களே என்று இருதயராஜே மறுநாள் வந்து சொன்னார். குழல்மொழி அதற்கும் சரி என்றார். காரணம் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொண்டார். மாடிக்கு அனுப்ப மட்டும் சம்மதிக்கவில்லை.

மாடிக்குக் கடைசியாகப் போனது டாக்டர் இளமாறன் என்ற பாத்திரம். டார்ச்சை எடுத்துக்கொண்டு, "மேல போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லிப் படியேறுவான். அந்தக் காட்சி எடுத்த அடுத்த வாரம், அவனாக நடித்த முகில்வாணன் படப்பிடிப்பு முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்துபோனான். புதுப் பையன். செய்தித்தாளில் படம்கூடப் போடாமல் இரண்டு வரி வந்தது. பார்க்கிறவர்கள் அதைக் கவனிக்கவில்லை. 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டு வேறு பையனை நடிக்கவைக்கச் சொன்னது சேனல். குழல்மொழி மறுத்துவிட்டார். அப்படியானால் இளமாறன் செத்துவிட்டதாகக் காட்டுங்கள் என்றார்கள். அதையும் மறுத்தார். அதன்பின் கதையில் எவரும் இளமாறனைப் பற்றிப் பேசவில்லை. மேலே போனவன் போனவனாகவே இருந்தான்.

அலுவலகத்தில் இதை எழுத்தாளரின் பிடிவாதம் என்றார்கள். இருதயராஜும் அப்படித்தான் நினைத்தார்.

பார்ப்பவர்கள் குறைந்தார்கள். படிக்கட்டை வைத்துக் கேலிப் படங்கள் செல்போன்களில் சுற்றின. தொடரை முடித்துவிடும்படி சேனலிலிருந்து சொல்லிவிட்டார்கள். கடைசிப் பகுதியாவது மாடியில் நடக்கட்டும் என்று அங்கிருந்த அதிகாரி கேட்டுக்கொண்டார். அது நன்றாக வந்தால் அடுத்த தொடரும் இதே குழுவுக்குத்தான் என்றார். அந்த அலுவலகத்தை நம்பிப் பல குடும்பங்கள் இருந்தன.

இருதயராஜ் உட்கார்ந்து எழுதினார். பிழைத்தவர்கள் மாடிக்கு ஏறுகிறார்கள். கதவைத் தள்ளுகிறார்கள். வெயில். சுவரில் சாய்ந்த நிலையில் இளமாறனின் உடல். அவன் கடைசிவரை விளக்கைக் காட்டிக் கப்பல்களைக் கூப்பிட்டிருக்கிறான். அதனால்தான் இப்போது கடலில் ஒரு கப்பல் வந்து நிற்கிறது. விட்டுப்போன முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்தன. இயக்குநர் படித்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். செத்துப்போன பையனுக்கும் இது ஒரு மரியாதை என்றார்.

குழல்மொழி ஒரு வரியையும் அடிக்கவில்லை.

"நல்லா இருக்கு சார்" என்றார். "எடுக்கிறதுக்கு முன்னால ஒருத்தருக்கு மட்டும் படிச்சுக் காட்டிட்டு வந்துடுங்க."

ஒரு முகவரி சொன்னார். எண்ணூர்ப் பக்கம், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு. யார் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இருதயராஜ் போனார். கதவைத் திறந்த பெண்ணின் பின்னால் சுவரில் முகில்வாணன் மாலையோடு இருந்தான்.

அவனுடைய அம்மா. பெயர் கஸ்தூரி. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். குழல்மொழி மேடம் அனுப்பியதாகச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். காபி கொடுத்தார். மகன் வேலை பார்த்த இடத்திலிருந்து இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை.

இருதயராஜ் காபியைக் கையில் வைத்துக்கொண்டார். தொடரைப் பார்ப்பீர்களா என்று கேட்டார்.

ஒரு வாரம்கூட விட்டதில்லை என்றார் கஸ்தூரி. கதை முழுக்கப் புரியாது, தண்ணீரில் வரும் முகங்களைக் கண்டால் பயம். ஆனாலும் பார்ப்பார். யாராவது படிக்கட்டுப் பக்கம் நடந்தால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அவர்கள் திரும்பிப் போனதும்தான் மூச்சு வரும்.

"எனக்குத் தெரியாம இல்ல சார். ஆஸ்பத்திரியில நான்தான் போய் அடையாளம் காட்டினேன். மூஞ்சியப் பார்க்க விடல. காலைக் காட்டினாங்க. காலைப் பார்த்துச் சொன்னேன்."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"காரியம் முடிஞ்சதும் உங்க மேடத்தைப் பார்க்க வந்தேன். வேற எதுவும் கேக்கல. அவன் மாடிக்குப் போனான்ல, அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்மான்னேன். சரின்னாங்க. மறுபேச்சு பேசல."

இருதயராஜின் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. வந்த காரியம் என்ன என்று கஸ்தூரி கேட்டார். கடைசிப் பகுதியைப் படித்துக்காட்ட வந்ததாக அவர் சொன்னார்.

"படிங்க."

படித்தார். வகுப்பில் பாடம் நடத்திய குரல் அவருடையது, நடுங்கிப் பழக்கமில்லாதது. தண்ணீர் மூன்றாம் தளத்தைத் தொட்டது. பிழைத்தவர்கள் படிக்கட்டுக்கு வந்தார்கள். முதல் படியில் ஒருத்தி கால் வைத்தாள்.

அவர் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல இன்னும் எழுதலம்மா."

அவர் மடியில் இருந்த மீதித் தாள்களைக் கஸ்தூரி பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"போகட்டும் சார்" என்றார். "எத்தனை நாளைக்குத்தான் எல்லாரையும் கீழேயே நிறுத்திவைக்கிறது. பாவம், அவங்களும் செத்துச் செத்து விழறாங்க."

தம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு தம்ளரைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

இருதயராஜ் அலுவலகத்துக்குத் திரும்பியபோது குழல்மொழி தனியாக இருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"போகட்டும்னு சொன்னாங்க."

"அப்புறம் என்ன சார், எடுத்துடலாமே."

இருதயராஜ் நின்றுகொண்டே இருந்தார். இதை ஏன் முதலிலேயே தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். சொல்லியிருந்தால் சேனலிலாவது புரிந்துகொண்டிருப்பார்களே என்றார்.

"புரிஞ்சுக்குவாங்க சார். நல்லாவே புரிஞ்சுக்குவாங்க. அந்தம்மாவை மேடையில ஏத்தி, பையன் போட்டோவைப் பெருசாக் காட்டி, அழவிட்டு, அதை விளம்பரத்துல போடுவாங்க."

இருதயராஜ் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். எழுதியதை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார். பிழைத்தவர்கள் படிக்கட்டைப் பார்க்கிறார்கள். பிறகு, காரணம் எதுவும் சொல்லாமல், கீழே தண்ணீர் நிறைந்த சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். இரண்டு பேர் கடலில் போய் வெளிப்படுகிறார்கள். மற்றவர்கள் வெளிப்படவில்லை.

எழுதியபோது தண்ணீரின் அழுத்தமும் மனிதன் மூச்சடக்கும் நேரமும் அவர் மனதில் கணக்காக ஓடிக்கொண்டிருந்தன. எதுவும் பொருந்தவில்லை. எழுதி முடித்தார்.

குழல்மொழி படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

"டைட்டில்ல உங்க பேரும் வரும் சார்" என்று மட்டும் சொன்னார்.

"வரட்டும் மேடம்."

இயக்குநர் சண்டை போட்டார். சேனல் அதிகாரி தொலைபேசியில் கத்தினார். மாற்றி எடுக்க நாளில்லாததால் அப்படியே ஒளிபரப்பினார்கள். ஊர் சிரித்தது. அடுத்த தொடர் வேறு குழுவுக்குப் போனது. கேமராக்காரர் ஒருவர் இருதயராஜைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். கஸ்தூரி அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. இருவரும் போய்க் கேட்கவில்லை.

சில நாட்கள் கழித்து வடபழனியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பழைய மாணவன் ஒருவன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். பணிவான பையன். தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"நீங்களா சார் அதை எழுதினீங்க? தண்ணி ஏறும்போது யாராவது கீழே போவாங்களா சார்? எங்களுக்கு நீங்கதானே பிசிக்ஸ் நடத்தினீங்க."

இருதயராஜ் சாலையை எட்டிப் பார்த்தார். பஸ் வந்தது. அது தன் வழித்தடம் இல்லை என்று தெரிந்தும் ஏறிவிட்டார்.

அதிலிருந்து இறங்கி, வேறு பஸ் பிடித்து, அலுவலகத்துக்குப் போனார். குழல்மொழி இடத்தைக் காலி செய்துகொண்டிருந்தார். மின்விசிறிகளைக்கூடக் கழற்றிவிட்டார்கள். அறை புழுங்கியது. அவர் ஒரு பெட்டியைத் தூக்கப் போனபோது இருதயராஜ் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். இருவருமாகப் படியிறங்கி வண்டியில் வைத்தார்கள்.

மாணவன் கேட்டதை இருதயராஜ் சொன்னார். மற்றவர்கள் சிரித்தபோது வலிக்கவில்லை, இவன் கேட்டது வலிக்கிறது என்றார். இத்தனை மாதம் மேடம் இதை எப்படித் தாங்கினார் என்று தெரியவில்லை என்றார்.

குழல்மொழி கைத் தூசியைத் தட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாம முட்டாள் இல்லைன்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடலாம் மேடம். எப்போ சொல்லலாம்?"

"அந்தம்மா இருக்கிறவரைக்கும் சொல்ல முடியாது சார்" என்றார் குழல்மொழி. "அவங்களுக்கு அப்புறம், சொல்லணும்னு உங்களுக்கே தோணாது."